பிரெயில் கட்டுரைப் போட்டி: ஸ்லேட்டில் எழுதி அனுப்ப எதைக் கவனிக்கணும்?

ஆறுபுள்ளி:
பார்வையற்றவர்களிடம் பிரெயில் பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு நடத்துற கட்டுரைப் போட்டி. 800 சொல், தமிழ். ஸ்லேட் (தாளை மாட்டுற, கட்டம் கட்டமா துளை உள்ள சட்டம்), ஸ்டைலஸ் (புள்ளி குத்துற ஊசி) வச்சுக் கையால எழுதணும், அச்சுப் பிரதியும் சேர்த்து அனுப்பணும். எழுதப்போறவர் பல வருஷமா ஸ்கிரீன் ரீடரோட (திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற மென்பொருள்) தட்டச்சுதான். பிரெயில் படிப்பார், குத்துறதுலதான் தடுமாற்றம். எத்தனை பக்கம் வரும்? பிழை விழுந்தா தாளையே மாத்தணுமா?

மறுபக்கம்:
'கட்டுரை' அச்சில் 4 எழுத்து, பிரெயிலில் 7 கட்டம்: க, 4ஆம் புள்ளி (மெய்யெழுத்துக்கான குறி), ட, ட, உ, ர, ஐ. ஒரு கட்டத்துல ஆறு புள்ளிக்கு இடம்; படிக்கும்போது இடது பக்கம் மேலிருந்து கீழா 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6. இடைவெளியோட சொல்லுக்கு 10, 11 கட்டம்னு வைங்க. பெர்கின்ஸ் பிரெய்லர்ல (பிரெயில் தட்டச்சு இயந்திரம்) வரிக்கு 42 கட்டம், 25 வரி; பக்கத்துக்கு நூறு சொல் அடங்கினா அதிகம். அப்போ 8, 9 பக்கம். ஸ்லேட்டுல வரி குட்டைன்னா அதுக்கேத்த மாதிரி கூடும்.

உண்மையான தொல்லை வேற. ஸ்லேட்டுல தாளோட பின்பக்கம், வலமிருந்து இடமா குத்துறோம். 1, 2, 3 புள்ளிகள் வலது ஓரம். கை பழக்கம் விட்டவர் விரல் படிக்கிற வடிவத்தையே குத்திடுவார். ஏ (1-5) திரும்பினா இ (2-4). எ (2-6) திரும்பினா ஈ (3-5). 'வேலை' 'விலை' ஆயிடும், 'வெண்' 'வீண்' ஆயிடும். ரெண்டுமே நல்ல சொல்லுங்கறதால சரிபார்க்கும்போது விரல் சந்தேகப்படாது. முதல் வாரம் இந்த நாலு எழுத்தை மட்டும் ஜோடி ஜோடியா குத்தச் சொல்லுங்க.

தடித்ததாள்:
பிழை பத்தி: விட்டுப்போன புள்ளின்னா தாளை ஸ்லேட்டோட முள் ஏற்கெனவே போட்ட அதே துளைகள்ல திரும்ப மாட்டிக் குத்திடலாம். கூடுதல் புள்ளின்னா தாளை எடுத்து, படிக்கிற பக்கம் மேல இருக்க மேசையில வச்சு, ஸ்டைலஸ் பிடியால அமுக்குங்க. ஆனா லேசா சொரசொரப்பு நிக்கும், நடுவர் விரலுக்குத் தட்டும். எழுத்தே விட்டுப்போச்சுன்னா இடைச்செருக வழியில்லை, பக்கத்தைத் திரும்ப எழுதணும். அதனால கட்டுரையை முதல்ல கணினியில முடிச்சு, அச்சுப் பிரதியை இறுதி பண்ணிட்டு, அதைக் கேட்டுக் கேட்டுக் குத்துறதுதான் புத்திசாலித்தனம். ரெண்டு பிரதியும் பொருந்தவும் செய்யும்.

தாள் சதுர மீட்டருக்கு 140 கிராம் வாக்குல. சாதா 80 கிராம் தாள் ஓட்டையாயிடும், புள்ளியும் படிக்கப் படிக்க அமுங்கும். ஸ்டைலஸைச் சாய்க்காம நேரா இறக்கணும்.

மடிக்காதீங்க. ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு, மேல கனம் ஏத்தாம அனுப்புங்க.

ஆறுபுள்ளி:
நன்றிங்க. புள்ளி வச்ச மெய்க்கு அந்த 4ஆம் புள்ளி முன்னாலயா, பின்னாலயா? அச்சில் மேலதானே இருக்கு.

மறுபக்கம்:
முன்னால. 'கொ'வுக்கும் அச்சு வரிசையைப் பார்க்காதீங்க, க அடுத்து ஒ, அவ்வளவுதான். ஆண்டு எழுதும்போது எண் குறி (3-4-5-6) மறந்தா 1829 வெறும் எழுத்தாப் படிக்கப்படும். 'ண'வுக்கும் அதே புள்ளிகள்தான், அதனால எண்ணுக்கு முன்னால இடைவெளி விட்டிருக்கான்னு பார்த்துக்கச் சொல்லுங்க.