அப்டேட்: ஒகஸாகி போஸ்ட்டாக், எட்டு மாசம் ஆச்சு

பரங்கிப்பேட்டைல பிஎச்டி முடிச்சுட்டு, ஜப்பான்ல ஒகஸாகி தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்துல போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை கிடைச்சிருக்கு, அம்மாவ கடலூர்ல தனியா விட்டுட்டு போலாமான்னு போன வருஷம் கேட்டிருந்தேன்ல, போயிட்டேன். இப்ப லீவுல முதுநகர் வீட்டுத் திண்ணைல உக்காந்து எழுதுறேன்.

வேலை மெடாக்கா மீன்ல. வயல் வாய்க்கால்ல ஓடுற பொடி மீன், மூணு சென்டிமீட்டர் இருக்கும். காலைல லைட் போட்டதும் முட்டை போட ஆரம்பிச்சிரும், பெட்டை மீனோட அடிவயித்துல கொத்தா தொங்கும், அத மெதுவா எடுத்து, நார் நாரா ஒட்டியிருக்குறத உருட்டிப் பிரிச்சு மைக்ரோஸ்கோப்புல வெச்சா முட்டை கண்ணாடி மாதிரி, ரெண்டு மூணு நாள்ல உள்ள இதயம் துடிக்கிறது அப்டியே தெரியுது. மொத தடவை பாத்தப்ப கண்ணு கலங்கிருச்சுங்க. வீடியோ எடுத்து அம்மாவுக்குத்தான் அனுப்பினேன்.

2016ல மருத்துவ நோபல் வாங்குன ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 1996லேர்ந்து 2009 வரைக்கும் அந்த நிறுவனத்துலதான் ப்ரொஃபசரா இருந்தாரு, அந்த இடத்துல நானும் நடக்குறேன்னு நெனச்சா இன்னும் சிலிர்க்குது.

போறவங்களுக்கு ஒண்ணு, லேப்ல இங்கிலீஷ் வெச்சு ஓட்டிரலாம், கிளினிக்ல முடியாது, ஹிரகனா கட்டகனான்னு ஜப்பான் எழுத்து ரெண்டு வகை இருக்கு, அத ஊர்லயே படிச்சுருங்க.

அம்மாவப் பத்தி நெறய பேர் கேட்டீங்க. பண்ருட்டிலேர்ந்து அக்கா வாராவாரம் வர்றா. ஜப்பான்ல ராத்திரி பத்தரைன்னா இங்க சாயங்காலம் ஏழு, அம்மா வெளக்கேத்தி முடிச்சிருப்பாங்க, தெனம் அப்பதான் பேசுவோம். நம்ம கிழக்குக் கரை உப்பங்கழிலயும் மெடாக்காவோட சொந்தக்கார மீன் இருக்கு, அத வெச்சு ஒரு வேலை பண்ணணும்னு ஆசை. புதன்கிழமை கிளம்புறேன்.