பெங்களூரில் கர்நாடக நர்ஸிங் கவுன்சில் பதிவு இல்லாமல் டியூட்டி பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மல்லேஸ்வரம் நைட் டியூட்டி:
இரண்டு வருடம் ஆகியும் மனதைவிட்டுப் போகவில்லை. சேலத்தில் ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ, தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு, நேராக பெங்களூர். கர்நாடகக் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டாமா என்று சேரும்போதே கேட்டேன். "அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் டியூட்டிக்கு வாங்க" என்றார்கள். போய்விட்டேன்.

ஒரு நாள் விடியற்காலை, என் வார்டில் இருந்த அம்மா பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. கட்டிலின் சைடு ரெயில் ஏற்றித்தான் வைத்திருந்தேன், நோட்டிலும் எழுதியிருந்தேன். விசாரணையில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படிவத்தில் பதிவு எண் என்ற கட்டத்தில் தமிழ்நாட்டு எண்ணை எழுதினேன். சூப்பரின்டெண்டென்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கர்நாடக நம்பர் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். என்னை வேலைக்கு எடுத்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவின் மகன் அல்சூர்த் தமிழர், அதுவரை சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டவர். என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க நர்ஸே இல்லையா?" என்று கேட்டார்.

ஓசூர் பஸ்:
எனக்குப் பதிவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாட்டியது போன் ஆர்டரில். பொட்டாசியம் குறைந்த ஒரு கேஸ், அதற்குக் கொடுப்பது கேசிஎல் என்ற பொட்டாசியம் ஊசி மருந்து. டியூட்டி டாக்டர் போனில் "கேசிஎல் ஒரு ஆம்ப்யூல் ஐவி போட்டுடுங்க" என்றார். டிரிப்பில் கலந்தா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் திரும்ப அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோதே, கூட இருந்த புதுப் பெண் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டாள். அதை டிரிப்பில் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சிரிஞ்சு, நரம்பில் போட்டிருந்த கேனுலாக் குழாயின் வாயில் இருந்தது, அவள் கட்டைவிரல் அழுத்தத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். காலையில் டாக்டர், டிரிப்பில் கலக்கத்தான் சொன்னேன் என்றார். ஆர்டர் எங்கும் எழுத்தில் இல்லை. பதிவு மாற்றுவது ஆபீஸ் வேலை சிஸ்டர், கேஸ் என்று வந்தால் பார்ப்பது கேஸ் ஷீட்டைத்தான்.

கேஆர் புரம் ஐசியூ:
ஆபீஸ் வேலை என்று சொல்லாதீர்கள் அக்கா. டெல்லியிலிருந்து வந்த எனக்குக் கர்நாடக எண் வரும்வரை டிரெய்னி சம்பளம்தான் கொடுத்தார்கள், அது போகட்டும். இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது, ஆனால் நம்மைப் பதிவு செய்வது மாநிலக் கவுன்சில். மாநிலம் மாறினால் பழைய கவுன்சிலில் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி, புது இடத்தில் விண்ணப்பித்து, எண் வாங்க வேண்டும். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் மெயிலில் சொல்லச் சொல்லுங்கள், வாயால் சொன்னதை நாளைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ இடத்தில், புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போனால் 5 வருடம் வரை சிறை. சிகிச்சையின்போது நடந்தால் டாக்டருக்கு அதிகபட்சம் 2 வருடம்தான். அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும், அதில் நர்ஸ் வராது. அந்தப் புதுப் பெண் அன்றைக்கு அழுத்தியிருந்தால் யாருக்கு 5, யாருக்கு 2 என்று நீங்களே பாருங்கள் அக்கா. எழுத்தில் இல்லாத ஆர்டருக்குக் கை வைக்கவே கூடாது. அவசரமென்றால் போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, இன்னொரு சிஸ்டரையும் கேட்கவைத்து, நேரம் போட்டு எழுதி, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள்.

ஓசூர் பஸ்:
சரி, அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பெண் அந்த மாதமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

மல்லேஸ்வரம் நைட் டியூட்டி:
என்ஓசி எல்லாம் முடிந்தது, இப்போது கர்நாடக எண் இருக்கிறது. நான் எழுதியது அதற்காக இல்லை. மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, பதிவு செய்தவள் நான். அவர் அப்படிக் கேட்டபோது "நர்ஸ்தான்" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. உங்களில் யாரிடமாவது யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? என்ன சொன்னீர்கள்?