தீபாவளி ஸ்கிட்ல பாதி ஜோக்கை வெட்டிட்டாங்க, இனிமே எதை வச்சுதான் சிரிக்கிறது?

வாய்ட்டெக் வசந்தன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கேள்வி. சிங்கப்பூர்ல எங்க குடியிருப்பாளர் குழு, அதான் ஆர்சி, வருஷா வருஷம் சமூக மன்ற ஹால்ல தீபாவளி டின்னர் வைக்கும். 30 மேசை, பாதி நம்மாளுங்க, மீதி சைனீஸ் மலாய் பக்கத்து வீட்டுக்காரங்க, பாட்டு டான்ஸ் லக்கி டிரா, நடுவுல ஒரு 12 நிமிஷ காமெடி ஸ்கிட். அந்த ஸ்கிட்டை ஏழு வருஷமா நான்தான் எழுதுறேன். இந்த வருஷம் கமிட்டிக்கு புதுசா ஒரு அக்கா வந்திருக்காங்க, ஸ்கிரிப்டை பிரின்ட் எடுத்து சிவப்புப் பேனாவால வட்டம் வட்டமா போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மொத்தம் ஒன்பது வட்டம், எண்ணிப் பார்த்தேன்.

குண்டு மாமி லிஃப்ட்ல ஏறினதும் பீப் அடிக்கிறது, வெட்டு. மாப்பிள்ளை போட்டோவுல பல்லு மட்டும்தான் தெரியுதுன்னு பொண்ணோட அப்பா சொல்றது, வெட்டு. பக்கத்து வீட்டு சைனீஸ் ஆன்ட்டிக்கு முறுக்குன்னு சொல்ல வராம வேற ஏதோ வர்றது, வெட்டு. கட்டுமான வேலைக்காரர் எதைக் கேட்டாலும் எஸ் பாஸ்னு தலையாட்டுறது, வெட்டு. மாமியார் ஜோக் மட்டும் தப்பிச்சிருச்சு, ஏன்னு புரியல, அந்த அக்காவுக்கும் ஒரு மாமியார் இருக்காங்க போல.

இதே லிஃப்ட் ஜோக்குக்கு 2018ல பிரியாணி புரையேறுற அளவுக்கு சிரிச்ச ஜனம்தான் இது. முன்வரிசையில உட்கார்ந்து சிரிச்சவங்கள்ல ரெண்டு பேர் நல்ல கனமான ஆளுங்க, அவங்களே கை தட்டினாங்க. நாம எல்லாம் கவுண்டமணி செந்தில் பார்த்து வளர்ந்தவங்க, அந்த ட்ராக்கை இன்னைக்கு ஒருத்தன் எழுதினா விடுவாங்களா? உண்மையிலேயே ஜனங்க மாறிட்டாங்களா இல்ல புகார் குடுக்கிற நாலு பேருக்காக மத்தவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கோமா? தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு, என் கையில மாமியார் மட்டும்தான் இருக்காங்க.

பழைய பிளாட்டூன்:

தம்பி உங்க வருத்தம் நியாயம். நான் கட்டாய ராணுவ சேவையில 84 இன்டேக். எங்க பங்க்ல, அதான் முகாம்ல படுக்கிற ரூம்ல, எவனுக்கும் சொந்தப் பேர் கிடையாது, ஒருத்தன் மூக்கு, ஒருத்தன் வெள்ளைக்கோழி, என்னை பிளாக்கின்னுதான் கூப்பிடுவானுங்க, நானும் சும்மா இருக்க மாட்டேன், அவனுங்களுக்கு நான் வச்ச பேரை இங்க எழுதினா மாடரேட்டர் என்னைத் தூக்கிருவாரு. 40 வருஷம் ஆச்சு, இன்னைக்கும் வாட்ஸப் குரூப்ல அதே பேருதான், போன மாசம் மூக்கு தவறிட்டான், குரூப்ல எல்லாரும் அந்தப் பேரைப் போட்டுத்தான் அழுதோம்.

அந்தக் காலத்துல காமெடி மேல வந்த புகாரே வேற. 1999 தேசிய தினப் பேரணியில பிரதமர் கோ சோக் டோங் டிவி காமெடி நாடகத்துல வர்ற கான்ட்ராக்டர் புவா சூ காங்கை இழுத்தாரே ஞாபகம் இருக்கா, அந்தாளு யாரையாவது புண்படுத்துறாருன்னா சொன்னாரு? சிங்லிஷ் பேசுறாரு, பிள்ளைங்க இங்கிலீஷ் கெட்டுப்போகுது, அவரை கிளாஸுக்கு அனுப்புங்கன்னாரு. நாடகத்துலயே அவரைக் கிளாஸுக்கு அனுப்பிட்டாங்க, அதையும் பார்த்து சிரிச்சோம். அப்ப இலக்கணம் புண்பட்டுச்சு, இப்ப மனசு. கமிட்டி அக்காகிட்ட பேசிப் பாருங்க, பாதியாவது திருப்பிக் கேளுங்க.

ஈஷூன் அம்மா:

//என்னை பிளாக்கின்னுதான் கூப்பிடுவானுங்க//

அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். முதல் நாள் முதல் தடவை கூப்பிட்டப்ப நீங்க சிரிச்சீங்களா இல்ல பல்லைக் காட்டினீங்களா? ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். எனக்கு உயர்நிலை ஒண்ணுல ஸ்கூல் கேம்ப், ராத்திரி லைட் ஆஃப் பண்ணினதும் ஒருத்தி ஏய் கொஞ்சம் சிரி லா, அப்பதான் நீ எங்க இருக்கேன்னு தெரியும்னா. ரூமே சிரிச்சுச்சு. நானும் இருட்டுல பல்லைக் காட்டினேன். ஏன் காட்டினேன்னு இன்னைக்கும் தெரியல, காட்டாட்டி ஸ்போர்ட்டிங் இல்லன்னுடுவாங்கன்னு பயம்தான்.

வசந்தன் தம்பி, உங்க மாப்பிள்ளை போட்டோ ஜோக் அதே ஜோக்தான், பல்லு உட்பட. 2019ல அந்த ஈ-பேமென்ட் விளம்பரம் வந்துச்சே, ஒரே சைனீஸ் நடிகருக்கு நாலு வேஷம், ஒண்ணுல மூஞ்சியைக் கருப்பாக்கி கழுத்துல கே. முத்துசாமின்னு பேர் அட்டை, இன்னொண்ணுல முக்காடு போட்ட மலாய்ப் பொண்ணு. நம்ம ஆளுங்க எவ்ளோ கொதிச்சோம், லிட்டில் இந்தியா தேக்காவுல தே குடிக்கிற இடத்துல எல்லாம் அதே பேச்சு. விளம்பரத்தை எடுத்துட்டாங்க, மன்னிப்பும் கேட்டாங்க, ஆனா கிரிமினல் குற்றம் இல்லன்னுட்டாங்க, அந்த விளம்பரத்துக்குப் பதிலடியா கெட்ட வார்த்தையில ராப் வீடியோ போட்ட கூடப்பொறந்தவங்க ரெண்டு பேருக்குத்தான் 24 மாச நிபந்தனை எச்சரிக்கை. அந்த வீடியோவும் காமெடியாத்தான் பண்ணினாங்க.

அன்னைக்குக் கொதிச்சவங்க வீட்டு விசேஷத்துலதான் போன வருஷம் தொடக்கநிலை 4 படிக்கிற என் பொண்ணைப் பார்த்து ஒரு மாமா என்னம்மா அடுப்புல இருந்து இப்பத்தான் எடுத்தாங்களான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்தா, சிரிக்கணுமா வேணாமான்னு என்னைக் கேக்குற மாதிரி. அடுத்தவன் பூசினா புண்படுது, நாமளே பூசிக்கிட்டா தீபாவளி ஸ்கிட்டா?

கோப்பி ஓ கொசோங்:

கலைவாணர் பேரை இன்னும் யாரும் இழுக்கலையே, நான்தான் சீக்கிரம் வந்துட்டேன் போல. பாப்கார்னோட உட்கார்ந்திருக்கேன், கேரி ஆன்.

அஞ்சு நிமிஷம்:

நான் நாலு வருஷமா ஓப்பன் மைக்ல ஸ்டாண்ட்-அப் காமெடி பண்றேன், பெரும்பாலும் இங்கிலீஷ்ல, எப்பவாவது தமிழ்ல. ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம், நாலாவது நிமிஷம் பின்னாடி லைட் காட்டுவாங்க, அதுக்குள்ள சிரிப்பு வரலைன்னா இறங்கிட வேண்டியதுதான். அந்த அவசரத்துல எல்லாரும் முதல்ல எடுக்கிறது கையில இருக்கிற சில்லறை. நம்மாளுக்கு நிறம், மலாய்க்காரருக்கு நேரத்துக்கு வராதது, சைனீஸுக்கு காசு. நான் ரெண்டு வருஷம் என் நிறத்தை வச்சே ஓட்டினேன், ஒரு ராத்திரி கூட ஃபெயில் ஆனதில்ல. ஒரு நாள் ஷோ முடிஞ்சு பார் பக்கம் நிக்கிறேன், ஒரு சைனீஸ் அங்கிள் வந்து தோள்ல கை போட்டு, நீ ஏன் வெள்ளை பேக்ரவுண்ட் கேக்கக்கூடாது, கருப்புத் திரை முன்னாடி உன் சட்டை மட்டும் பேசுதுன்னாரு. நல்ல மனுஷன்தான், பியர் வேற வாங்கிக் குடுத்தாரு. என்னால ஒண்ணும் சொல்ல முடியல, அந்த லைசென்ஸை அவருக்குக் குடுத்தது நான்தானே. மறுநாள் அந்த அஞ்சு நிமிஷத்தைத் தூக்கிப் போட்டேன். அடுத்த ஆறு மாசம் மேடையில செத்தேன், அது வேற கதை.

கவுண்டமணி செந்தில் விஷயத்துல மட்டும் வசந்தன் ப்ரோகூட எனக்கு சண்டை. அந்த 1989 கரகாட்டக்காரன் வாழைப்பழத்தை எடுத்துக்குங்க. ஒரு ரூபாய் குடுத்து ரெண்டு பழம் வாங்கிட்டு வரச் சொன்னவர் கவுண்டமணி, ஒண்ணைத் தின்னுட்டு வந்தவர் செந்தில். கடைசியில பைத்தியம் பிடிச்சு நிக்கிறது யாரு? அடிக்கிறவருதான். திட்டு எல்லாம் செந்திலுக்கு, தோல்வி எல்லாம் கவுண்டமணிக்கு, அதனாலதான் அந்தத் திட்டு நமக்குக் கசக்கல. அதுக்கப்புறம் வந்த ஹீரோவோட ஃப்ரெண்ட் காமெடியில திட்டு வாங்குறவன் வாயே தொறக்க மாட்டான், திட்டுறவன் ஒரு தடவை கூட தோக்க மாட்டான். உங்க லிஃப்ட் மாமிக்கு ஸ்கிரிப்ட்ல பதில் டயலாக் ஒண்ணாவது இருக்கா?

ஆனா புகாருக்காக வாயைப் பொத்திக்கிறோமோங்கிற வசந்தன் ப்ரோவோட பயம் சும்மா இல்ல, அது எனக்கும் இருக்கு. 90கள்ல காமெடியன் குமார் பூகிஸ் பக்கம் பூம் பூம் ரூம் கிளப்ல பொம்பளை வேஷம் கட்டி எல்லா இனத்தையும் வாரு வாருன்னு வாரினாரு, ஆம்பளைங்க ஓரினச்சேர்க்கையைக் குத்தம்னு சொன்ன 377ஏ சட்டம் இருந்த காலம் அது, 2022லதான் நாடாளுமன்றம் அதை எடுத்துச்சு. அங்க வந்தவன் டிக்கெட் வாங்கி, எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சு வந்தவன். இன்னைக்கு 40 வினாடி கிளிப் உங்க மாமாவோட ஃபேமிலி குரூப்புக்கே வந்து சேருது. 2023ல நியூயார்க் கிளப்ல நம்ம ஊர்ல வளர்ந்த ஒரு காமெடியன் காணாமப்போன மலேசிய விமானம் எம்எச்370 பத்தி அடிச்ச ஜோக்குக்கு நம்ம வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டாரு, மலேசியப் போலீஸ் இன்டர்போல் வரைக்கும் போச்சு. 239 பேர் போன விமானம், அந்த ஜோக் எனக்கும் பிடிக்கல, ஆனா ரூம்ல இருந்த கூட்டமும் கிளிப் பார்த்த கூட்டமும் ஒண்ணு இல்ல. என்னைக் கேட்டா காமெடியைக் கெடுக்கிறது சென்சிட்டிவிட்டியை விட ஃபோன்தான்.

பழைய பிளாட்டூன்:

//முதல் நாள் முதல் தடவை//

நேத்து ராத்திரி இதை யோசிச்சேன்மா. பல்லைத்தான் காட்டினேன். ஆனா மூக்குக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், இனிமே அவன்கிட்ட கேக்கவும் முடியாது.

இன்னொண்ணு, கமிட்டி ஏன் நடுங்குதுன்னும் பாருங்க. தண்டனைச் சட்டத்தோட 298ஏ பிரிவுல இனப் பகையைத் தூண்டினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு, 2025 பிப்ரவரியில இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வேற நிறைவேறியிருக்கு. முறுக்கு ஜோக்குக்கு யாரும் ஜெயிலுக்குப் போகப் போறதில்ல, ஆனா வாலன்டியரா வேலை பார்க்கிற அக்காவுக்கு அந்தக் கோடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும், அவங்க பத்தடி முன்னாடியே நிப்பாங்க.

புதுக்கோட்டையான்:

நான் இங்க ஒர்க் பெர்மிட்ல 11 வருசமா இருக்கேன், இப்ப துவாஸ் பக்கம் சைட். இங்க எழுதுறது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க. உங்க ஸ்கிட்ல எஸ் பாஸ்னு தலையாட்டுறவரு நான்தான் அண்ணே.

மூணு வருசம் முன்னாடி ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு எங்க டார்மிட்டரியில இருந்து 20 பேரைக் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல மரியாதை, இடது பக்கம் ரெண்டு வரிசை எங்களுக்குன்னே ஒதுக்கி சாப்பாட்டுப் பொட்டலமும் குடுத்தாங்க. நடுவுல ஒரு நாடகம், ஒரு பையன் ஹெல்மெட் போட்டு மஞ்ச பூட்ஸ் போட்டு கையில சோத்துப் பொட்டலத்தோட வந்தான், வந்து ரெண்டு கையையும் தொங்கவிட்டு பாஸ் பாஸ்னான். ஹால் முழுக்க சிரிப்பு. சிரிச்சா பரவால்ல அண்ணே, சிரிச்சுக்கிட்டே எல்லாரும் திரும்பி எங்க ரெண்டு வரிசையைப் பார்த்தாங்க, நாங்க சிரிக்கிறோமான்னு. எங்க கையிலயும் அதே பொட்டலம். எங்க ஃபோர்மேன் ஒருத்தரு, 50 வயசு, ஊர்ல ரெண்டு பொண்ணு கட்டிக்குடுத்தவரு, அவரு அந்தப் பொட்டலத்தை மெதுவா சீட்டுக்கு அடியில தள்ளினாரு.

எங்களுக்குக் காமெடி பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. ரூம்ல 12 பேரு, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒருத்தன் டூல்பாக்ஸ் மீட்டிங் எடுப்பான் பாருங்க, சேஃப்டி ஆபீசர் மாதிரி. பெட்டுல படுத்திருக்கவன்கிட்ட ஹார்னஸ் மாட்டிட்டியான்னு கேப்பான், மேல்பெட்டுல இருந்து இறங்குறவனுக்கு ஒர்க்கிங் அட் ஹைட் பெர்மிட் எங்கம்பான். சிரிச்சு வயிறு வலிக்கும். உங்க ஊர்த் தமிழையும் விட மாட்டோம், கேன் லா, எங்க போற லா, சாப்ட்டாச்சா லான்னு. நீங்க எங்களைப் பண்றீங்க, நாங்க உங்களைப் பண்றோம், சரிக்குச் சரிதான். என்ன ஒண்ணு, நீங்க பண்றது மேடையில, மைக்கோட, எங்களையும் முன்னால உக்கார வச்சுக்கிட்டு. நாங்க பண்றது கதவைச் சாத்திக்கிட்டு. அந்த வேசத்தை எடுக்காதீங்க அண்ணே, வைங்க, அவனுக்கும் ரெண்டு வாய் பேசக் குடுங்க.

வாய்ட்டெக் வசந்தன்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு வாரமா பதில் போடாததுக்கு சாரி. புதுக்கோட்டை அண்ணே, உங்க பதிவை எம்ஆர்டியில படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டேன். தனி மெசேஜ்ல நீங்க அனுப்பின டூல்பாக்ஸ் மீட்டிங் வரிகளை அப்படியே ஸ்கிட்ல போட்டுட்டேன், ஆர்சி சேர்மன் வேஷம் கட்டுறவரு மேடை ஏற வரும்போது வேலைக்காரர் நிறுத்தி பெர்மிட் கேக்குறாரு. சேர்மன்தான் எஸ் பாஸ் எஸ் பாஸ்னு தலையாட்டுறாரு. நிஜ சேர்மனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அவரே நடிக்கிறேங்கிறாரு, அதுதான் இப்ப பெரிய தலைவலி.

போட்டோ ஜோக்கைத் தூக்கிட்டேன். லிஃப்ட்டைத் தூக்கல, மாமி ஏறினதும் பீப் அடிக்குது, எல்லாரும் மாமியைப் பார்க்கிறாங்க, மாமி அசராம அப்படியே நிக்கிறாங்க, கடைசியில ஒவ்வொருத்தரா வெக்கப்பட்டு இறங்கிப் போயிடறாங்க, மாமி மட்டும் தனியா ஜம்முன்னு மேல போறாங்க. ஒத்திகையில மாமி வேஷம் கட்டுறவங்களே இப்பத்தான் நடிக்க ஆசையா இருக்குன்னாங்க. நான் அவங்களை ஆறு வருஷமா அந்த லிஃப்ட்ல ஏத்துறேன்.

முறுக்குக்குப் பதிலா வாழை இலை சாப்பாட்டுக் கடை சீன். சைனீஸ் ஆன்ட்டி உட்கார்ந்து ரசம் கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க, அப்பளம் இன்னொண்ணுன்னு நல்ல தமிழ்ல கேக்குறாங்க, நம்ம வீட்டுப் பையன் பக்கத்துல உட்கார்ந்து டாட், ஹவ் டு சே மோர் ரைஸ்ங்கிறான். அப்பா கொஞ்சம் யோசிச்சுட்டு ஆன்ட்டியைப் பார்க்கிறாரு. ஆன்ட்டியா நடிக்கிறது எங்க பிளாக்ல நிஜமாவே தமிழ் பேசுற ஒரு சைனீஸ் ஆன்ட்டி, தேக்கா மார்க்கெட்ல காய்கறி வித்தவங்க. ஒத்திகையில சிவப்புப் பேனா அக்கா கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க.

இனிமேதான் விஷயமே. அவங்க வீட்டுக்காரரும் ஒத்திகைக்கு வந்திருந்தாரு, அவரு சிரிக்கல. அவங்க பையனுக்கு 15 வயசு, வீட்டுல ஒரு வார்த்தை தமிழ் கிடையாதாம். நேத்து ராத்திரி எனக்கு மெசேஜ் போட்டிருக்காரு, அந்த சாப்பாட்டுக்கடை சீன் கொஞ்சம் சென்சிட்டிவ், எடுத்துடலாமேன்னு. இங்கிலீஷ்ல.

நான் இன்னும் பதில் போடல. அது இருக்கட்டும், பிளாஸ்டிக் வாழை இலை 20 இலை கட்டா எங்க மலிவா கிடைக்கும்னு யாருக்காவது தெரியுமா? தேக்காவுல கேட்ட விலைக்கு நிஜ இலையே வாங்கிடலாம் போலிருக்கு.