தோட்டத்துக்கு வந்திருக்கும் ஆறுமணிக் குருவிக்காக ஓர் உதவி

குழு நண்பர்களுக்கு வணக்கம். மதுரைப் பக்கத்தில் கார்த்திகையில் மல்லிகையைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால், மாசி, பங்குனியில் மொட்டு வரும்வரை தோட்ட வேலை குறைவு என்பதால், இரவில் பழைய திரைப்படங்களும் விடியற்காலையில் பறவைகளுமாகப் பொழுது போகிறது.

இப்போது கொய்யா மரத்தடியில், சருகுகளை அலகால் புரட்டிப் புழு தேடும் ஆறுமணிக் குருவி ஒன்று வந்திருக்கிறது. பச்சை முதுகும், கண்ணோரக் கரும்பட்டையும், குட்டை வாலடியில் குங்குமச் சிவப்புமாக அவ்வளவு அழகு. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை என்பதால், சருகைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். அதில் கரையான் பெருகி மல்லிகை வேருக்குப் போகாமல், மருந்தும் தெளிக்காமல் காப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் வல்லூறு பார்க்கவும் ஆசை. அதற்கு 8 மடங்கு பைனாகுலர் போதுமா?