உள்ளங்காலில் ஆறாத சர்க்கரைப் புண்: ஓரம் ஊறாமல் இருக்க எந்த டிரஸ்ஸிங்?

தொண்டிப் பக்கம் கரைவலை இழுக்கும் அண்ணன், வயது 56. வலது பெருவிரலுக்குக் கீழே அடிமேட்டில் ஆறு வாரமாகப் புண். 2.5 × 2 செ.மீ., ஆழம் 4 மி.மீ. நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும், கால்வாசிகூடக் குறையவில்லை.

புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும் கம்பி (புரோப்) எலும்பைத் தொடவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. பாத நாடி நன்றாகத் துடிக்கிறது. மோனோஃபிலமென்ட் (நைலான் இழை) வைத்துத் தொட்டால் உணர்வு சுத்தமாக இல்லை. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 9.2. சீழ், வாடை, சுற்றிச் சிவப்பு, காய்ச்சல் எதுவும் கிடையாது.

முதல் இரண்டு வாரம் சலைன் காஸ் (உப்புநீரில் நனைத்த துணி). காய்ந்து ஒட்டி, பிரிக்கும்போது புதுச் சதையையும் உரித்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் ஹைட்ரோகொலாய்டு (ஈரத்தை உள்ளேயே வைத்து மூடும் ஒட்டுப் பட்டை). மூன்றாம் நாளே ஓரம் தண்ணீரில் கிடந்த விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கிவிட்டது. மூன்று வாரமாக ஆல்ஜினேட் (நீரை உறிஞ்சும் கடற்பாசி நார்), மேலே காஸ் பேட், ஒருநாள் விட்டு ஒருநாள். புண்ணின் அடிப்பகுதி நல்ல சிவப்பு. ஆனால் ஒரே நாளில் நீர் பக்கவாட்டில் பரவி ஓரம் மறுபடி வெளுக்கிறது. காய்ப்பை வாராவாரம் சீவுகிறோம். தொற்று இல்லாததால் கிருமிகொல்லும் சில்வர் டிரஸ்ஸிங்கைத் தொடவில்லை.

அழுத்தம் குறைப்பதுதான் முதல் வைத்தியம். முழங்கால் வரை கழற்ற முடியாத காஸ்ட்டுக்கு (கெட்டிக் கட்டு) ராமநாதபுரத்தில் இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி. அதுவரை எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்பும், அழுத்தம் குறைக்க ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) பேடும். கடற்கரை ஈர மணலில் ஃபெல்ட் ஊறி, அரை நாளில் அமுங்கிவிடுகிறது.

காஸ்ட் போடும்வரை, ஆல்ஜினேட்டைப் புண் அளவுக்கு வெட்டி வைத்து மேலே சிலிகான் ஃபோம் (நீரை உறிஞ்சும் மெத்தென்ற ஒட்டுப் பட்டை) ஒட்டலாமா, இல்லை நீரை உறிஞ்சிக் கூழாகும் ஹைட்ரோஃபைபருக்கே மாறிவிடுவது நல்லதா?