55 சிசி பெட்ரோல் மாடல் விமானத்துக்கு எந்த புரொப் (புரொப்பெல்லர்)? கைகண்ட அனுபவங்கள்

வால்சக்கரம்:
டிஎல்இ 55 இன்ஜின், 86 இன்ச் சிறககலம், எரிபொருள் இல்லாமல் எட்டு கிலோ, ஏரோபாட்டிக் (வானில் சாகசம் செய்யும்) ரிமோட் மாடல். புரொப் 22×8 (இன்ச்சில் விட்டம் × பிட்ச், பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்குப் புரொப் முன்னேறும் கணக்குத் தூரம்), 23×8, 22×10 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்றையும் வாங்கிப் பார்க்கிற விலையிலா இருக்கிறது? இந்த சைஸ் இன்ஜினில் எதைப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஐடில்1400:
முதல் புரொப் 22×8, பீச் மரம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதற்கப்புறம் எதை வாங்குவது என்பதை டாக்கோமீட்டர் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது ஆர்பிஎம், காட்டும் மீட்டர்) சொல்லும்.

இந்த இன்ஜினுக்குக் கம்பெனி கொடுத்திருப்பது 7500 ஆர்பிஎம்மில் 5.5 குதிரைசக்தி. பறக்கும்போது அந்த 7500 பக்கம் வரவேண்டும். தரையில் மாடலைப் பிடித்து நிறுத்தி ஃபுல் த்ராட்டில் கொடுக்கும்போது புரொப்பின் பளு அதிகம். வேகம் எடுத்ததும் பளு குறைந்து சில நூறு ஆர்பிஎம் தானாக ஏறிவிடும். ஆகவே தரையில் 6800 முதல் 7100 வரை காட்டினால் ஜோடி சரி. தரையிலேயே 7500 தாண்டினால் புரொப் சிறிசு: சத்தம் காதைக் கிழிக்கும், கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் போகும். 6300க்குக் கீழே நின்றால் பெரிசு: ஹெட் சூடாகும், செங்குத்தாக ஏறும்போது பாதியில் இழுவை விட்டுப்போகும்.

சைஸ் மாறினால் பளு எவ்வளவு மாறும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். விட்டத்தை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை பிட்சால் பெருக்குங்கள். 22×8 என்பதை 100 என்று வைத்துக்கொண்டால் 21×10 க்கு 104 வரும். 23×8 க்கு 119, 22×10 க்கு 125, 24×8 க்கு 142. ஒரு இன்ச் விட்டத்தைக் கூட்டினால் இரண்டு இன்ச் பிட்சைக் குறை என்று ஃபீல்டில் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. 22×8 ஐ 7000த்தில் சுற்றும் இன்ஜின் 23×8 மாட்டினால் 6400–6600க்கு இறங்கும்.

ஒரே கம்பெனியின் ஒரே வரிசைக்குள்தான் இந்தக் கணக்கு செல்லும். பிளேடு அகலமும் வளைவும் மாறினால், மேலே 22×8 என்று அச்சடித்த இரண்டு புரொப்புக்கு நடுவே 200, 300 ஆர்பிஎம் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம்.

இன்னொன்று. புது இன்ஜினில் முதல் டேங்க் ஓடும்போது வந்த ரீடிங்கை வைத்து அடுத்த புரொப்பை வாங்கிவிடாதீர்கள். பிஸ்டன் ரிங் ஓடி செட் ஆனபிறகு அதே புரொப்பில் ஆர்பிஎம் ஏறும். அதுவரை பளு குறைந்த 22×8 தான் இன்ஜினுக்கும் நல்லது.

மேக்காத்து:
அண்ணன் இன்ஜின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். மாடல் பக்கமும் ஒன்று இருக்கிறது.

ஆர்பிஎம் × பிட்ச் × 0.001524 என்று பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பிட்ச் வேகம் கிடைக்கும். 7000த்தில் 8 இன்ச் பிட்ச் என்றால் 85, 10 இன்ச் என்றால் 107. ஹோவர், ஹாரியர் (மூக்கை நிமிர்த்தி அந்தரத்தில் நிற்பது, மெதுவாக நகர்வது) என்று புரொப்பில் தொங்கவிடுகிற ஆளுக்கு 85 தாராளம், 23×8 அவருக்குத்தான். மூக்கைக் கீழே திருப்பி த்ராட்டிலை மூடினால் பெரிய விட்டமும் சின்ன பிட்சும் சேர்ந்து பிரேக் போட்ட மாதிரி பிடிக்கும். நீளமான லூப், வேகமான ரோல் என்று பறப்பவருக்கு அந்த பிரேக்கே தொல்லை. அவர் 21×10 பக்கம் போகலாம். பளு 22×8 அளவுதான், வேகம் கூடும்.

22×10 போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார், மாடல் இறங்க மாட்டேன் என்கிறது, ரன்வே முழுக்க மிதக்கிறது என்பது. ஐடிலை (த்ராட்டிலை மூடியபின் இன்ஜின் ஓடும் வேகம்) 1800ல் வைத்துக்கொண்டு 10 இன்ச் பிட்சைச் சுற்றினால் எட்டு கிலோ மாடல் மிதக்காமல் என்ன செய்யும்? ஐடிலை 1400க்கு இறக்கப் பாருங்கள். அதில் நிலையாக ஓடவில்லை என்றால் பிட்ச் 8க்கு வந்துவிடுங்கள்.

தரை இடைவெளியையும் அளந்துவிட்டு வாங்குங்கள். வாலைத் தூக்கி மாடலை மட்டமாக நிறுத்தி, புரொப் நடுவிலிருந்து தரை வரை அளக்கவேண்டும். 22 இன்ச்சுக்கு ஆரமே 28 செ.மீ. புல் ரன்வே என்றால் அதற்கு மேல் குறைந்தது 5 செ.மீ. வேண்டும். வார்பர்ட் (பழைய போர் விமான மாடல்) கட்டுகிறவர்களுக்கு இந்த இடம் கிடைப்பதில்லை, அப்போது மூன்று பிளேடுதான் வழி. மேலே சொன்ன கணக்கில் வருவதை ஒன்றரையால் பெருக்கிப் பார்த்தால் மூன்று பிளேடு 20×8 க்கு 102 வருகிறது. இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் நுனி வேகம் இறங்குவதால் சத்தம் நன்றாக அடங்கும்.

பால்சாதூசி:
மரமா கார்பனா என்று கேட்டால், லேண்டிங் கைக்கு வரும் வரை மரம். மூக்கு தரையில் குத்தினால் மரம் உடைந்து கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றும். கார்பன் உடையாமல் அடியை உள்ளே அனுப்பிவிடும். உள்ளீடற்ற கார்பன் புரொப் எடை குறைவு, த்ராட்டிலுக்கு உடனே பதில் சொல்லும். அதே காரணத்தால் ஃப்ளைவீல் பலம் குறைந்து, மரத்தில் 1400ல் நின்ற ஐடிலை 1600க்கு ஏற்றவேண்டி வரும். கையால் ஸ்டார்ட் செய்யும்போது அரைமனதாகத் தட்டினால் திருப்பி அடிக்கும். தடித்த தோல் கிளவுஸ் கட்டாயம். எலெக்ட்ரிக் மோட்டாருக்கென்று செய்த மெல்லிய புரொப்பை பெட்ரோல் இன்ஜினில் மாட்டவே கூடாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் வரும் உதறலை அது தாங்காது.

மரத்தில் பாதித் தொல்லை துளை போடுவதில்தான். இன்ஜின் ஹப்புக்குரிய (புரொப் உட்காரும் தட்டு) ஜிக்கை, அதாவது துளை வழிகாட்டியை வைத்து, பின்புறமிருந்து, டிரில் பிரஸ்ஸில் போடுங்கள். அடியில் ஒரு வேஸ்ட் பலகை இருந்தால் மறுபக்கம் சிலாம்பு பெயராது. கை டிரில்லில் போட்டால் துளை சாயும், சாய்ந்தால் ஒரு பிளேடு முன்னாலும் ஒன்று பின்னாலும் ஓடும். மாட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, நுனியருகே ஒரு குச்சியை நிறுத்தி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு நுனிக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அது அலமாரிக்கு அழகு.

பேலன்ஸ் பார்க்கும்போது கனமான பிளேடைத் தேய்ப்பதைவிட லேசான பிளேடுக்கு வார்னிஷ் மெல்லிசாக அடிப்பது நல்லது. காய்ந்தபிறகுதான் திரும்பப் பார்க்கவேண்டும், ஈரத்தில் எடை ஏமாற்றும். நுனிக்கு மஞ்சளோ வெள்ளையோ அடிப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். கனமான பக்கம் என்று நுனியை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். முன்னால் உலோகத் தட்டு இல்லாமல் இறுக்கினால் தலை மரத்துக்குள் புதையும். மரம் அமுங்குவதால் முதல் பறப்பு முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு பறக்கும் நாளும் காலையில் ஒருமுறை இறுக்கம் பார்க்கவேண்டும். வெயில் காலத்தில் மரம் இன்னும் சுருங்கும். புரொப்பைக் கழற்றும்போது பின்புறம் ஹப் உட்கார்ந்த இடத்தில் கருகிய வளையமும் கறுப்புத் தூளும் இருந்தால், அது லூசாகி உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புரொப்பை இரண்டாக உடைத்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

மாட்டும் கோணம்: முன்னால் நின்று பார்க்கையில், கம்ப்ரஷன் பிடிக்கிற இடத்தில் பிளேடு கடிகாரத்தில் 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே நிற்கட்டும். கைக்கு வாகாக இருக்கும். ஸ்பின்னர் (புரொப் நடுவை மூடும் கூம்பு) வெட்டுக்கும் பிளேடுக்கும் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள். தொட்டால் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

வால்சக்கரம்:
நன்றி அண்ணா, 22×8 மரம் மாட்டியாச்சு. ஷெட் வாசலில் வைத்து டாக்கோ பிடித்தால் எந்த த்ராட்டிலிலும் 3000 என்றே காட்டுகிறது. மீட்டர் போச்சா?

ஐடில்1400:
மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஷெட்டில் டியூப்லைட் எரிகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 தடவை மினுக்கும், நிமிடத்துக்கு 6000. இரண்டு பிளேடு என்று மீட்டர் அதைப் பாதியாக்கி 3000 காட்டுகிறது. வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள், மீட்டரை புரொப்புக்குப் பின்னாலிருந்து பிடியுங்கள். புரொப் சுற்றுகிற தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

வால்சக்கரம்:
வெளியே 6450.

ஐடில்1400:
22×8க்குக் குறைவுதான், ஆனால் புரொப்பைக் குறை சொல்லாதீர்கள். புது இன்ஜின். ஹெச் நீடிலும் (ஃபுல் த்ராட்டிலில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ரிச்சாக, அதாவது எரிபொருள் அதிகம் போகும்படி இருக்கும், மஃப்ளரிலிருந்து ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். இரண்டு மூன்று லிட்டர் ஓடட்டும். பிறகு ஃபுல் த்ராட்டிலில் நீடிலைப் பதினாறில் ஒரு சுற்று வீதம் மூடிக்கொண்டே போய், ஆர்பிஎம் ஏறி நின்ற இடத்திலிருந்து 100, 200 இறங்கும் அளவுக்குத் திறந்து வையுங்கள். பிறகு புரொப்பை மாற்றினால் இதை மறுபடி செய்யவேண்டும். 6800 தாண்டியதும் எழுதுங்கள், 23×8 பற்றி அப்போது பேசலாம்.