பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: யூத வெறுப்பும் இங்குள்ள கட்சி அரசியலும்

வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி பற்றியெல்லாம் மற்றவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள்; நான் எழுத விரும்புவது அரசியல் பற்றி, அதிலும் ஒரே ஒரு விஷயம் பற்றி. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்கள் முறையான தங்கும் அனுமதியோடு இங்கே வசித்தால், காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே வந்த சில மாதங்களிலேயே கட்சிக்காரர்கள் துண்டறிக்கையோடு உங்கள் கதவைத் தட்டக்கூடும். அலுவலகத்து மதிய உணவு மேசையிலும் பேச்சு அரசியல் பக்கம் திரும்பும். அப்போது அடிக்கடி வந்து விழும் ஒரு குற்றச்சாட்டு யூத வெறுப்பு. நம் ஊர்களில் யூதர்களோடு பழகிய அனுபவம் பெரும்பாலோருக்கு இல்லை என்பதால், அதை இஸ்ரேல், பாலஸ்தீனம் தொடர்பான வெளிநாட்டு விவகாரம் என்று மட்டுமே நாம் எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது உள்நாட்டு விவகாரம், சட்ட விவகாரம், தேர்தல் விவகாரம்.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூதர்கள் ஏறத்தாழ 2,71,000 பேர். மொத்த மக்களில் அரை விழுக்காடுதான். ஆனால் வடமேற்கு லண்டனின் பார்னெட் பகுதியில் ஏழு பேரில் ஒருவர் யூதர். எட்ஜ்வேர், ஹெண்டன், கொலிண்டேல் என்று நம்மவர்கள் வாடகை வீடு தேடும் இடங்களெல்லாம் அந்தப் பகுதியைச் சேர்ந்தவைதாம். 2018 மே மாதக் கவுன்சில் தேர்தலில், லேபர் எனப்படும் தொழிற்கட்சி லண்டனில் பொதுவாக நல்ல நிலையில் இருந்தபோதும், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பார்னெட்டில் தோற்றது. யூத வாக்காளர்களின் கோபமே முக்கியக் காரணம் என்று அக்கட்சியினரே ஒப்புக்கொண்டார்கள். தலைமை மாறிய பிறகு, 2022இல், அதே கவுன்சிலை அது முதன்முறையாகக் கைப்பற்றியது.

அந்தக் கோபத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஒரு சுவரோவியத்திலிருந்து தொடங்குவது நல்லது. 2012இல் கிழக்கு லண்டனின் பிரிக் லேன் அருகே மியர் ஒன் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். சூட் அணிந்த வயதான ஆண்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து மோனோபொலி விளையாடுகிறார்கள். அந்த மேசையைக் குனிந்த முதுகுகளில் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஆடையற்ற ஏழைகள். பின்னால் முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண். அந்த ஆண்களில் சிலருடைய முகங்கள், நாஜிக் காலக் கேலிச்சித்திரங்களில் யூதர்களை வரைந்த பாணியை நினைவூட்டுகின்றன என்று புகார் எழுந்து, ஓவியம் அகற்றப்பட்டது. அகற்றப்படும் என்ற செய்தி வந்தபோது, அன்று சாதாரண எம்.பி.யாக இருந்த ஜெரமி கோர்பின் ஃபேஸ்புக்கில் ஓவியருக்கு ஆதரவாக ஒரு வரி எழுதினார். 2018 மார்ச்சில், அவர் தொழிற்கட்சித் தலைவராக இருந்தபோது, அவருடைய கட்சியின் யூத எம்.பி.யான லூசியானா பெர்கர் அந்த வரியை வெளிக்கொணர்ந்து விளக்கம் கேட்டார். படத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதியதற்கு வருந்துவதாகக் கோர்பின் சொன்னார். சில நாள்களிலேயே, மார்ச் 26 அன்று, யூத அமைப்புகள் நாடாளுமன்றத்தின் எதிரே திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பெர்கர் கட்சியை விட்டே விலகினார்.

இந்த ஓவியத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முக்கோணத்துக்குள் கண், உலக வங்கிகளையெல்லாம் ஆட்டிப்படைக்கும் ஒரே குடும்பம், போர்களை மூட்டிவிட்டு லாபம் பார்க்கும் பதின்மூன்று வம்சங்கள்: இலுமினாட்டி பற்றிய தமிழ்க் காணொளிகளில் நாம் வாய்பிளந்து பார்த்த சரக்கும் இதுதான். ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தைப் பற்றி நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா அனுப்பும் செய்திக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிராக அச்சடிக்கப்பட்ட பிரசுரங்கள்தாம் மூலம். அனுப்புகிறவருக்கு யூதர் மீது எந்த வெறுப்பும் இல்லாமல் இருக்கலாம். ரோத்ஸ்சைல்ட் என்பது யூதக் குடும்பம் என்பதே தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் இங்கே ஒரு கட்சித் தலைவரின் ஒரு வரி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்து நின்ற கதையை அறிந்த பிறகாவது, அந்தச் செய்தியை அலுவலக நண்பர்கள் இருக்கும் குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கட்சிக்குள் நடந்தது பேச்சோடு நிற்கவில்லை. 2020 அக்டோபர் 29 அன்று சமத்துவம் மற்றும் மனித உரிமைகள் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, தொழிற்கட்சி 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை மீறியது என்று முடிவு செய்தது. புகார்களைக் கையாள்வதில் தலைவரின் அலுவலகம் தலையிட்டது, விசாரிப்பவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, கட்சியின் பொறுப்பில் இருந்தவர்கள் யூதர்களைத் துன்புறுத்தும் வகையில் பேசினார்கள் என்று மூன்று சட்டமீறல்கள் அதில் சொல்லப்பட்டன. இதில் ஒரு முரண் இருக்கிறது: அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அந்த ஆணையத்தை அமைத்ததும் தொழிற்கட்சி அரசுதான். அதற்கு முன் அந்த ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளான கட்சி, வெளிப்படையான இனவாதக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி. பிரச்சினையின் அளவை அரசியல் காரணங்களுக்காக எதிரிகள் பெரிதுபடுத்தினார்கள் என்று கோர்பின் அன்றே கருத்துச் சொன்னார். அன்றே கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். 2024 தேர்தலில் இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் சுயேச்சையாக நின்று தம் பழைய கட்சியையே தோற்கடித்தார்.

உங்களிடம் வந்து பேசுகிறவர்களில் ஒரு சாரார் இது முழுக்க முழுக்கப் புனையப்பட்ட குற்றச்சாட்டு என்பார்கள். மறு சாரார் கோர்பினை ஆதரித்த அனைவரும் யூத வெறுப்பாளர்கள் என்பார்கள். இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். கட்சியே நியமித்த மார்ட்டின் ஃபோர்ட் என்ற வழக்கறிஞரின் அறிக்கை 2022 ஜூலையில் வந்தது. யூத வெறுப்பு கட்சிக்குள் உண்மையாகவே இருந்த கடுமையான பிரச்சினை என்றும், இரு கோஷ்டிகளும் அதைத் தீர்ப்பதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அடிக்கும் ஆயுதமாக்கிக்கொண்டன என்றும் அது சொன்னது. என் மதிப்பீடும் ஏறக்குறைய அதுவே. கோஷ்டிப் பூசலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பூசலில் சிக்கி, புகார் கொடுத்தவர்களின் நியாயமான புகார் கிடப்பில் போடப்பட்டதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

தொழிற்கட்சிக்கு மட்டுமே உரிய நோய் இது என்று எண்ணுவதும் தவறு. கோவிட் தடுப்பூசியை யூதப் படுகொலையோடு ஒப்பிட்டுப் பதிவிட்ட ஆண்ட்ரூ பிரிட்ஜன், கன்சர்வேடிவ் எனப்படும் பழமைவாதக் கட்சியின் எம்.பி.யாக இருந்தவர்; 2023இல் அக்கட்சி அவரை வெளியேற்றியது. இன்னும் பின்னோக்கிப் போனால் நம்மையே தொடும் ஒரு வரலாறு உண்டு. ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் கிழக்கு லண்டனில் குடியேறியபோது, வேலையும் வீடும் பறிபோகின்றன என்று கிளர்ச்சி செய்ய பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக் என்ற அமைப்பு 1901இல் தோன்றியது. ஸ்டெப்னி தொகுதியின் பழமைவாத எம்.பி. வில்லியம் ஈவன்ஸ் கார்டன் அதன் குரலாக இருந்தார். அதன் விளைவு 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம். இந்த நாட்டின் நவீனக் குடிவரவுக் கட்டுப்பாடுகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஹீத்ரோவில் நாம் விசாவை நீட்டி நிற்கும் வரிசைக்குப் பின்னால் அந்தக் கிளர்ச்சியும் இருக்கிறது. அன்று யூதர்களைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகளை இன்று நம்மைப் பற்றிச் சொல்கிறவர்களையும் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். 1936 அக்டோபர் 4 அன்று ஓஸ்வால்ட் மோஸ்லியின் பாசிசக் கருஞ்சட்டையினர் கேபிள் தெரு வழியே ஊர்வலம் போக முயன்றபோது, யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து வழிமறித்தார்கள். அந்தத் தெருவில் இன்று அதை நினைவுகூரும் சுவரோவியம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

இனி, எதைப் பேசலாம் என்ற கேள்வி. இஸ்ரேல் அரசை, அதன் போரை, அதன் தலைவர்களைக் கடுமையாக விமர்சிக்க இங்கே முழு உரிமை உண்டு. லட்சக்கணக்கானோர் காஸாவுக்காக லண்டன் வீதிகளில் நடந்திருக்கிறார்கள், அவர்களில் யூதர்களும் உண்டு. அந்த அரசின் செயலுக்கு உங்கள் பக்கத்து வீட்டு யூதரைப் பொறுப்பாக்குவது, அவருடைய விசுவாசம் இந்த நாட்டுக்கா இஸ்ரேலுக்கா என்று கேட்பது, அரசியலையும் ஊடகத்தையும் யூதப் பணம் நடத்துகிறது என்பது ஆகியவைதாம் எல்லை மீறல். யூத வெறுப்பு எது என்பதற்கு சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு தந்த வரையறையை பிரிட்டிஷ் அரசு 2016இல் ஏற்றது. தொழிற்கட்சி நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2018 செப்டம்பரில், அதன் 11 உதாரணங்களையும் சேர்த்து ஏற்றது. அந்த உதாரணங்களில் சில இஸ்ரேல் விமர்சனத்தை முடக்கப் பயன்படுகின்றன என்ற வாதமும் வலுவானதே. அதை முதலில் வரைந்தவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞரே, பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. கண்டிப்பான மேலாளரை ஹிட்லர் என்று விளையாட்டாகச் சொல்லும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி இங்குள்ள எம்.பி.யிடம் பேசப் போகும்போதும், நாஜிகளோடு ஒப்பிடுவதால் நம் தரப்புக்கு வலு சேராது. பேச்சு ஒப்பீட்டின் பொருத்தத்தைப் பற்றித் திரும்பிவிடும், நாம் கொண்டுபோன சாட்சியங்கள் மேசையிலேயே கிடக்கும். ஹிட்லர், நாஜி ஒப்பீடுகளைத் தவிர்க்குமாறு மனித உரிமை வழக்கறிஞர் ஷமி சக்ரவர்த்தி 2016இல் தொழிற்கட்சிக்குக் கொடுத்த அறிக்கையும் பரிந்துரைத்தது. அந்த அறிக்கைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் முன்னாள் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஹிட்லரையும் யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசத்தையும் முடிச்சுப் போட்டு வானொலியில் பேசிக் கட்சியிலிருந்து இடைநீக்கம் ஆகியிருந்தார்.

கவுன்சிலராக நிற்கும் எண்ணம் சிலருக்கு வரும். வரட்டும், நம்மவர்கள் பலர் லண்டன் கவுன்சில்களில் அமர்ந்திருக்கிறார்கள். வேட்பாளரின் பழைய பதிவுகளைக் கட்சிகள் தோண்டிப் பார்க்கும். அவை தவறவிட்டால் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் பார்க்கும். 2024 பிப்ரவரியில் ராச்டேல் இடைத்தேர்தலில் அசர் அலி என்ற வேட்பாளர் ஒரு கூட்டத்தில் பேசிய ஒலிப்பதிவு வெளியானதும் தொழிற்கட்சி அவரைக் கைவிட்டது. வேட்புமனுக் கெடு முடிந்திருந்ததால் வேறொருவரை நிறுத்தவும் முடியவில்லை, வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு எதிரே கட்சியின் பெயர் அப்படியே நின்றது. தமிழில் எழுதியது இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்றும் இருந்துவிடாதீர்கள். ஃபேஸ்புக்கே மொழிபெயர்த்துக் காட்டிவிடுகிறது, போதாததற்கு எதிரணியிலும் தமிழர் இருப்பார்.